பயாஸ் அப்டேட்டும் காணாமல் போகும் டிஸ்க்கும்: புதிதாகக் கைவைப்பவர்களுக்கு

"அண்ணாச்சி, பயாஸ் அப்டேட் போட்டேன், இப்பம் டிஸ்க்கையே காங்கல." இந்த வரியோடு ஒரு சிஸ்டம் வண்ணார்பேட்டையிலோ தென்காசியிலோ சர்வீஸ் கடைப் படியேறினால், சந்தேகப் பட்டியலில் டிஸ்க் கடைசியில்தான் வர வேண்டும். பயாஸ் என்பது சிஸ்டம் எழும்போது முதலில் ஓடும், மதர்போர்டுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள். அதன் அப்டேட் டிஸ்க்கில் இருப்பதைத் தொடுவதே இல்லை. அது எழுதுவது மதர்போர்டில் இருக்கும் 16 அல்லது 32 எம்பி அளவுள்ள ஒரு சின்ன ஃபிளாஷ் சிப்பில். ஆனால் எழுதி முடித்ததும் போர்டின் அமைப்புகள் எல்லாம் கம்பெனியிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பிவிடும். ஃபேன் வேகம், ரேம் வேகம் போனால் பெரிய நஷ்டமில்லை. கூடவே ஸ்டோரேஜ் மோடும் மாறிவிடுகிறது, வில்லங்கம் அங்கேதான்.

நேற்று வரை ரெய்டு மோடில், அதாவது பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்த்து நடத்தும் முறையில், இரண்டு டிஸ்க்கும் ஒன்றாகச் சேர்ந்து தெரிந்தன. இன்று போர்டு ஏஎச்சிஐ மோடில் (ஒவ்வொரு டிஸ்க்கையும் தனித்தனியாகக் காட்டும் சாதாரண முறை) நிற்கிறது. விண்டோஸ் சி டிரைவைத் தேடிக் கிடைக்காமல் 'இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்' என்று நீலத் திரை காட்டும். விண்டோஸ் வேறொரு எஸ்எஸ்டியில் இருந்தால் அது எழுந்துவிடும், ஆனால் ரெய்டில் இருந்த இரண்டு டிஸ்க்கும் தனித்தனியாக, பெயர் தெரியாத புது டிஸ்க் போல வந்து நிற்கலாம். 'இனிஷியலைஸ் செய்யவா?', 'ஃபார்மேட் செய்யவா?' என்று விண்டோஸ் கேட்கும். இரண்டுக்கும் கேன்சல்தான் பதில். கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோக்களில் ஒரு சீசன் வேலை முழுவதும் போய்விட்டது என்று கேள்விப்பட்டால், அதைப் போக்கியது அப்டேட்டாக இராது. அந்த இடத்தில் யாரோ அழுத்திய ஓகேதான்.

அப்டேட் உண்மையிலேயே தேவையா

புது பதிப்பு வந்திருக்கிறது என்பது மட்டும் காரணமாகாது. காரணம் என்று சொல்லக்கூடியவை சில உண்டு. பழைய போர்டில் புது பிராசஸர் போடப் போகிறீர்கள் என்பது முதலாவது. இன்டெல் 600 வரிசை போர்டில் 13, 14ஆம் தலைமுறை பிராசஸருக்கும், பி450 போன்ற ஏஎம்டியின் ஏஎம்4 போர்டில் ரைசன் 5000க்கும் இது இல்லாமல் நடக்காது. அடுத்தது, இன்டெல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களில் மின்னழுத்தம் அளவுக்கு மீறி ஏறி பிராசஸரே கெட்டுப்போகும் பிரச்சினை. இதைச் சரிசெய்யும் மைக்ரோகோடு (பிராசஸருக்கான திருத்தம்) 2024 ஆகஸ்ட் முதல் பயாஸ் அப்டேட்டாகத்தான் வந்தது. ஐ7, ஐ9 வைத்திருப்பவர்கள் இதைத் தள்ளிப்போடக் கூடாது. மூன்றாவது, வெளியீட்டுக் குறிப்பில் உங்கள் பிரச்சினையின் பெயரே இருப்பது, அல்லது பாதுகாப்பு ஓட்டை அடைப்பு என்று எழுதியிருப்பது.

டேலி மட்டும் ஓடும் அரிசி ஆலை சிஸ்டம் நாலு வருஷமாகத் தொல்லை தராமல் ஓடுகிறது என்றால் அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

லேப்டாப் விஷயம் வேறு. டெல், எச்பி, லெனோவா லேப்டாப்புகளுக்கு விண்டோஸ் அப்டேட் வழியாகவே பயாஸ் வந்து இறங்குகிறது. ரீஸ்டார்ட் ஆகும்போது கம்பெனி லோகோவுக்குக் கீழே ஒரு கோடு மெதுவாக நகர்கிறது, ஃபேன் இரைகிறது என்றால் அதுதான் நடக்கிறது. சார்ஜரைப் பிடுங்காதீர்கள், பவர் பொத்தானை அழுத்திப் பிடிக்காதீர்கள்.

தொடங்குமுன்: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

முதலில் கரண்ட். ஃபிளாஷ் ஆவது, அதாவது சிப்பில் எழுதுவது, 3 முதல் 8 நிமிடம். அந்த நேரத்தில் கரண்ட் போனால் சிப்பில் பாதி பழசு, பாதி புதுசாக நின்றுவிடும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள் எது என்று முந்தின நாள் பேப்பரில் உங்கள் துணை மின்நிலையத்தின் பெயரோடு வரும், அன்று வேண்டாம். ஆனி ஆடிக் காற்றில் ஒயர் ஆடி ஆடி விட்டுவிட்டு வரும் ஊர்களிலும், ஐப்பசி கார்த்திகையில் இடி இடிக்கும் சாயங்காலங்களிலும் வேண்டாம். யுபிஎஸ் இருக்கிறதே என்று நம்பிவிடாமல் சோதித்துப் பாருங்கள். சிஸ்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது சுவரில் யுபிஎஸ் பிளக்கைப் பிடுங்கி 10 நிமிடம் விடுங்கள். வீட்டு யுபிஎஸ்ஸில் இருக்கும் 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி இரண்டு மூன்று வருஷத்தில் வலுவிழந்துவிடும், பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். இன்வெர்ட்டரில் ஓட்டுபவர்கள் பின்னால் இருக்கும் சுவிட்ச் யுபிஎஸ் மோடில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாதாரண மோடில் மாறுவதற்கு எடுக்கும் நேரத்தில் ஃபேன் நிற்காது, சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

அடுத்தது போர்டின் முழுப் பெயர். ஸ்டார்ட்டில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்று தேடித் திறந்தால் பேஸ்போர்டு பெயர், பயாஸ் பதிப்பு, பயாஸ் மோடு மூன்றும் அங்கேயே இருக்கும். மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் கடைசி எழுத்து ஒன்று மாறினாலும் அது வேறு போர்டு. வைஃபை உள்ளதும் இல்லாததும் வேறு, டிடிஆர்4ம் டிடிஆர்5ம் வேறு. கிகாபைட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே மாடலுக்கு ரிவிஷன் 1.0, 1.2 என்று பல இருக்கும், ஒவ்வொன்றுக்கும் பதிவிறக்கப் பக்கமே தனி. எந்த ரிவிஷன் என்பது போர்டின் ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும், கேபினெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். கோப்பை போர்டு கம்பெனியின் பக்கத்திலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். அந்தப் பதிப்பின் குறிப்பை முழுவதும் படியுங்கள். 'முதலில் இந்தப் பதிப்புக்கு வந்துவிட்டுத்தான் இதற்கு வர வேண்டும்', 'மேனேஜ்மென்ட் இன்ஜின் ஃபர்ம்வேரை முதலில் ஏற்றவும்', 'இதற்குப் பிறகு பழைய பதிப்புக்குத் திரும்ப முடியாது' என்ற எச்சரிக்கைகள் அங்கேதான் இருக்கும்.

பிறகு போட்டோ. பயாஸுக்குள் போய் (டெலீட் அல்லது எஃப்2) ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படமெடுங்கள். எல்லாம் எடுக்கச் சலிப்பாக இருந்தால் இவற்றையாவது எடுத்துவிடுங்கள்: சாட்டா (கேபிளில் மாட்டும் டிஸ்க்குகளின் இணைப்பு) மோடு, இன்டெல் போர்டென்றால் விஎம்டி (டிஸ்க்குகளை இன்டெல்லின் ரெய்டு கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரும் அமைப்பு) பக்கம், ஏஎம்டி என்றால் என்விஎம்இ (எம்.2 துளையில் செருகும் வேகமான எஸ்எஸ்டி) ரெய்டு வரி, சிஎஸ்எம் (பழைய முறையில் பூட் ஆக விடும் வசதி) இயங்குகிறதா இல்லையா என்பது, பூட் வரிசை, ரெய்டு பக்கத்தில் எந்த டிஸ்க் எந்த போர்ட்டில் எந்த அரேயில் (ரெய்டில் சேர்ந்த டிஸ்க் தொகுப்பு) இருக்கிறது என்பது. டிஸ்க்கின் சீரியல் எண் தெரிகிற மாதிரி எடுங்கள். ஒரே கம்பெனியின் ஒரே அளவு டிஸ்க் நாலு இருக்கும்போது அந்த எண்தான் அடையாளம். இந்தப் படங்கள் இருந்தால் பின்னால் வரும் சிக்கல்களில் பாதி ஐந்து நிமிட வேலை.

டிஸ்க்கில் இருப்பதைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரை மறக்கக் கூடாது. 'நான் பிட்லாக்கர் போடவே இல்லையே' என்பார்கள். விண்டோஸ் 11ல் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்நுழைந்தால் பல சிஸ்டங்களில் டிவைஸ் என்க்ரிப்ஷன் என்ற பெயரில் அதே பூட்டு தானாகவே இயங்கத் தொடங்கிவிடும், ஹோம் பதிப்பிலும்கூட. பயாஸ் மாறியதும் டிபிஎம் (பூட்டின் சாவியைக் காக்கும் பாதுகாப்புப் பகுதி) சந்தேகப்பட்டு 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டிக்குள் பாருங்கள். இயக்கத்தில் இருந்தால் கீயைக் காகிதத்தில் எழுதிவைத்துவிட்டு, கன்ட்ரோல் பேனலில் 'சஸ்பெண்டு புரொடெக்ஷன்' கொடுங்கள். ஹோம் பதிப்பில் அந்த வசதி தென்படாது. அங்கே கீயைப் பத்திரப்படுத்துவது கட்டாயம். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் பக்கத்தில் டிவைஸ்கள் பட்டியலுக்குள் அது இருக்கும். சிஸ்டம் விற்ற கடைக்காரர் தன்னுடைய கணக்கில் செட்டப் செய்து தந்திருந்தால் கீ அவருடைய கணக்கில் கிடக்கும், முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக பேக்கப், வெளி ஹார்ட் டிஸ்க்கில். ரெய்டு இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். ரெய்டு 1 என்பது ஒரு டிஸ்க் செத்தால் காப்பாற்றும். தவறாக அழித்தால் இரண்டிலும் சேர்த்தே அழிக்கும். ரெய்டு 0 டிஸ்க் செத்தாலும் காப்பாற்றாது. வேகத்துக்காக எடிட்டிங் சிஸ்டத்தில் போடுவார்கள், ஒரு டிஸ்க் போனால் மொத்தமும் போச்சு.

ஃபிளாஷ் செய்வது

8 அல்லது 16 ஜிபி பென்டிரைவ் போதும். யுஎஸ்பி 2.0 ஆக இருந்தால் நல்லது. அதை ஃபேட்32 ஆக ஃபார்மேட் செய்யுங்கள். எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ் இரண்டையும் பல போர்டுகள் கண்டுகொள்ளாது. ஜிப்பை விரித்து உள்ளே இருக்கும் பயாஸ் கோப்பை மட்டும், எந்த ஃபோல்டருக்குள்ளும் வைக்காமல் நேராகப் போடுங்கள். கிகாபைட் கோப்பில் நீட்டிப்பு எஃப்20 என்பது போல பதிப்பு எண்ணாகவே இருக்கும். கெட்டுப்போன கோப்போ என்று பயப்பட வேண்டாம்.

விண்டோஸுக்குள்ளிருந்தே பயாஸ் ஏற்றும் செயலிகளை டெஸ்க்டாப்பில் தவிர்த்துவிடுங்கள். ஆன்டிவைரஸோ, தொங்கிப்போன ஒரு புரோகிராமோ நடுவில் குறுக்கிட்டால் கதை கந்தல். போர்டுக்குள்ளேயே கருவி இருக்கிறது: ஆசுஸில் ஈஸி ஃபிளாஷ், கிகாபைட்டில் கியூ ஃபிளாஷ், எம்எஸ்ஐயில் எம் ஃபிளாஷ், ஏஎஸ்ராக்கில் இன்ஸ்டன்ட் ஃபிளாஷ். தொடங்குமுன் பயாஸில் 'லோடு ஆப்டிமைஸ்டு டிஃபால்ட்ஸ்' கொடுத்து சேமித்து, விண்டோஸுக்குப் போக விடாமல் நேராக மறுபடி பயாஸுக்குள் வாருங்கள். ரேமின் எக்ஸ்எம்பி வேகம், ஓவர்கிளாக் எல்லாம் இல்லாத நிலையில் எழுதுவதே பத்திரம். கருவியைத் திறந்து, கோப்பைத் தேர்ந்து, மாடல் பெயர் சரிதானா என்று அது காட்டும் திரையைப் படித்துவிட்டு, சரி கொடுத்துக் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

புது பிராசஸரைப் போட்டுவிட்டீர்கள், திரையே வரவில்லை என்றால் பொத்தான் வழி இருக்கிறதா என்று போர்டின் பின்பக்கம் பாருங்கள். ஆசுஸில் பயாஸ் ஃபிளாஷ்பேக், கிகாபைட்டில் கியூ ஃபிளாஷ் பிளஸ், எம்எஸ்ஐயில் ஃபிளாஷ் பயாஸ் பட்டன். இதற்கு பிராசஸர், ரேம் எதுவும் வேண்டாம். எஸ்எம்பிஎஸ்ஸின் (கேபினெட்டில் இருக்கும் பவர் சப்ளை) 24 பின் கனெக்டரும் பிராசஸருக்கான 8 பின் கனெக்டரும் செருகியிருந்தால் போதும். கோப்பின் பெயரை மாற்ற வேண்டும். எம்எஸ்ஐக்குப் பெயர் எம்எஸ்ஐ, நீட்டிப்பு ஆர்-ஓ-எம். கிகாபைட்டுக்குப் பெயர் கிகாபைட், நீட்டிப்பு பி-ஐ-என். இரண்டும் ஆங்கில எழுத்தில். ஆசுஸ் ஜிப்புக்குள்ளேயே பெயர் மாற்றித் தரும் சின்ன புரோகிராம் இருக்கும். பென்டிரைவை அதற்கென்று குறியிட்ட யுஎஸ்பி துளையில்தான் செருக வேண்டும், பக்கத்துத் துளையில் போட்டால் வேலை செய்யாது. பொத்தானை மூன்று விநாடி அழுத்தினால் விளக்கு மின்னத் தொடங்கும், மின்னுவது நின்று அணைந்தால் முடிந்தது. சில விநாடிகள் மின்னிவிட்டு அப்படியே எரிந்து நின்றால் கோப்பைப் படிக்க முடியவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் பெயர் தப்பு, அல்லது ஃபேட்32 இல்லை. விண்டோஸில் கோப்பு நீட்டிப்பு மறைந்திருப்பதால் ஒன்றுக்கு இரண்டு நீட்டிப்பு ஒட்டிக்கொண்டிருப்பதும் உண்டு.

இதற்குப் பிறகு ஒரு மௌனம் வரும், அவசரக்காரர்கள் போர்டைக் கொல்வது அந்த நேரத்தில்தான். டிடிஆர்5 போர்டுகளில், அதிலும் ஏஎம்டியின் ஏஎம்5ல், முதல் தடவை ரேமைப் பழக்கிக்கொள்ள பல நிமிடம் ஆகும். திரை கறுப்பாக இருக்கும், போர்டில் ரேமைக் குறிக்கும் 'டிராம்' விளக்கு எரியும், தானாக இரண்டு மூன்று தடவை அணைந்து எழும். 15 நிமிடம் வரை தொடாதீர்கள். டீ குடித்துவிட்டு வரலாம்.

முடிந்ததும், விண்டோஸுக்குப் போகுமுன்

முதல் தடவை எழும்போதே டெலீட்டைத் தட்டித் தட்டி பயாஸுக்குள் போய்விடுங்கள். விண்டோஸை எழ விடாதீர்கள். போனில் இருக்கும் படத்தைப் பார்த்து ஸ்டோரேஜ் அமைப்பை முதலில் மீட்டுங்கள், மற்றவை பிறகு.

இன்டெல் 600, 700 வரிசை போர்டுகளில் ரெய்டு விஎம்டி வழியாகத்தான் ஓடுகிறது. விஎம்டி கன்ட்ரோலரை இயக்கினால் மட்டும் போதாது, அதற்குக் கீழே சாட்டா கன்ட்ரோலருக்கும் ஒவ்வொரு எம்.2 துளைக்கும் தனித்தனியாக 'மேப்' என்று ஒரு வரி இருக்கும். முன்பு எதெல்லாம் மேப் ஆகியிருந்ததோ அதையெல்லாம் அப்படியே செய்ய வேண்டும். என்விஎம்இயை மட்டும் மேப் செய்துவிட்டு சாட்டாவை விட்டால் விண்டோஸ் எழும், வீடியோ இருந்த அரே மட்டும் வராது. சேமித்துவிட்டு மறுபடி உள்ளே வந்தால் 'இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டெக்னாலஜி' என்ற பக்கம் புதிதாகத் தெரியும். அதில் அரேயின் பெயரும் 'நார்மல்' என்ற நிலையும் இருந்தால் மூச்சு விடலாம்.

ஏஎம்டியில் சாட்டா மோடை ரெய்டு ஆக்கி, என்விஎம்இ அரே இருந்தால் அந்த வரியையும் இயக்கி, சிஎஸ்எம்மை அணைத்து, சேமித்து, திரும்ப வர வேண்டும். அப்போதுதான் 'ரெய்டு எக்ஸ்பர்ட் 2' பக்கம் தலைகாட்டும். ஏஎம்டியில் இன்னொரு கேள்வியும் எழும்: 'எஃப்டிபிஎம் தரவு மாறியிருக்கிறது, ரீசெட் செய்ய ஒய், வேண்டாம் என்றால் என்'. எஃப்டிபிஎம் என்பது பிராசஸருக்குள்ளேயே இருக்கும் டிபிஎம். பிட்லாக்கர் கீ கையில் இல்லாமல் ஒய் அழுத்தாதீர்கள்.

சிஎஸ்எம் பற்றி ஒரு வார்த்தை. 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' பக்கத்தில் பயாஸ் மோடு 'லெகசி' என்று குறித்திருந்தால், அப்டேட்டுக்குப் பிறகு சிஎஸ்எம் அணைந்து பூட் பட்டியலிலேயே டிஸ்க் இருக்காது. டிஸ்க் பயாஸில் தெரிகிறது, பூட் வரிசையில் இல்லை என்றால் இதைத்தான் முதலில் பாருங்கள்.

தெரியாமல் ஏஎச்சிஐயிலேயே விண்டோஸ் எழுந்து, அரை நாள் வேலையும் பார்த்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ரெய்டு 1ல் சில சமயம் நீலத் திரை வராமல் இது நடக்கும், இரண்டில் ஒரு டிஸ்க்கிலிருந்து விண்டோஸ் எழுந்துவிடும். இப்போது ஒரு டிஸ்க்கில் இன்றைய கணக்கு, மற்றதில் நேற்றைய கணக்கு. ரெய்டுக்கு இது தெரியாது, திரும்ப மோடை மாற்றினால் இரண்டும் நார்மல் என்றே காட்டி இரண்டிலிருந்தும் மாற்றி மாற்றிப் படிக்கும். கோப்புகள் கண்டபடி குழம்பும். ஆகவே மோடை மாற்றுமுன் இன்றைய வேலையை வெளி டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த டிஸ்க்கிலிருந்து எழுந்தது என்று சீரியல் எண்ணைப் பார்த்துக் குறியுங்கள். சிஸ்டத்தை அணைத்து மற்றதைக் கழற்றிவிட்டு, ரெய்டு மோடுக்கு மாற்றி, ஒற்றை டிஸ்க்கோடு 'டீகிரேடட்' நிலையில் எழுப்புங்கள். கழற்றியதை வேறு சிஸ்டத்தில் சுத்தமாக அழித்துக் கொண்டுவந்து புது டிஸ்க்காகச் சேர்த்து ரீபில்ட் (முதல் டிஸ்க்கில் இருப்பதை அதில் நகலெடுப்பது) கொடுங்கள். 4 டிபி டிஸ்க், விநாடிக்கு 150 எம்பி வேகம் என்றால் ஏழரை மணி நேரம் ஆகும். வேலை பார்த்துக்கொண்டே ஓட்டினால் இன்னும் இழுக்கும். நடுவில் கரண்ட் போனால் யுபிஎஸ் தீரும்வரை காத்திராமல் ஒழுங்காக ஷட் டவுன் செய்துவிடுங்கள்.

மோடை வேண்டுமென்றே மாற்றுவதாக இருந்தால்

இது வேறு கதை, மேலே சொன்னதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அரே ஏற்கெனவே இருந்தால் மோடைப் பழையபடி வைப்பதுதான் தீர்வு. ஒற்றை எஸ்எஸ்டியில் விண்டோஸ் இருக்கிறது, புதிதாக ரெய்டு மோடுக்குப் போக வேண்டும், அல்லது விஎம்டியை அணைக்க வேண்டும் என்பவர்களுக்கு மட்டும் இந்த வழி.

பிட்லாக்கரை நிறுத்துங்கள். போகப்போகும் மோடுக்கான டிரைவர் சிஸ்டத்தில் இருப்பதை உறுதிசெய்யுங்கள். ஸ்டார்ட்டில் 'சிஸ்டம் கான்ஃபிகரேஷன்' திறந்து, பூட் தாவலில் 'சேஃப் பூட்' டிக் செய்து, ரீஸ்டார்ட் கொடுத்து, விண்டோஸ் எழுமுன் பயாஸுக்குள் போய் மோடை மாற்றிச் சேமியுங்கள். சேஃப் மோடில் விண்டோஸ் எழுந்து புது கன்ட்ரோலருக்கான டிரைவரைப் பிடித்துக்கொள்ளும். திரும்ப டிக்கை எடுத்து ரீஸ்டார்ட் செய்தால் முடிந்தது. சேஃப் மோடில் நாலு இலக்கப் பின் எண் பெரும்பாலும் வேலை செய்யாது. கணக்கின் பாஸ்வேர்டு தெரியாமல் இதில் இறங்கினால் வெளியே வர வழியில்லாமல் நிற்பீர்கள்.

விண்டோஸ் போடும்போது டிஸ்க் பட்டியல் காலி

11ஆம் தலைமுறை முதல் வந்த இன்டெல் லேப்டாப்புகளில் இது சர்வ சாதாரணம். விஎம்டி இயங்கிக்கொண்டிருக்கும், விண்டோஸ் பென்டிரைவில் அதற்குப் பொருத்தமான டிரைவர் இராது. ஒரே எஸ்எஸ்டி, ரெய்டு இல்லை, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போடுகிறோம் என்றால் பயாஸில் விஎம்டியை அணைத்துவிடுவதே சுருக்கமான வழி. அந்த லேப்டாப்புக்கு அது தேவையே இல்லை. பழைய விண்டோஸைக் காப்பாற்ற வேண்டுமென்றால் தொடாதீர்கள்.

அணைக்க வழியில்லாத லேப்டாப்பில் டிரைவரைக் கொடுத்தாக வேண்டும். கம்பெனிப் பக்கத்திலிருந்து வருவது ஒரு இன்ஸ்டாலராக இருக்கும், விண்டோஸ் செட்டப்புக்கு அதைப் படிக்கத் தெரியாது. வேறொரு சிஸ்டத்தில் செவன் ஜிப் கொண்டு விரித்து, உள்ளே ஐ-என்-எஃப், எஸ்-ஒய்-எஸ், சி-ஏ-டி என்ற மூன்று நீட்டிப்புகளும் உள்ள ஃபோல்டரைக் கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் விஎம்டி என்றே பெயர் இருக்கும். அதை அப்படியே பென்டிரைவில் போட்டு, 'லோடு டிரைவர்', 'பிரௌஸ்' வழியாக அந்த ஃபோல்டரைக் காட்டுங்கள். பட்டியல் காலியாக வந்தால் அது உங்கள் தலைமுறைக்கான டிரைவர் இல்லை. 'பொருந்தாத டிரைவர்களை மறை' என்ற டிக்கை எடுத்துவிட்டு ஏதோ ஒன்றை ஏற்றுவதால் டிஸ்க் வந்துவிடாது.

ஏஎம்டி ரெய்டில் மூன்று டிரைவர் உண்டு: ஆர்சி பாட்டம், ஆர்சி ரெய்டு, ஆர்சி சிஎஃப்ஜி. இதே வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்ற வேண்டும். முதலாவதை மட்டும் ஏற்றிவிட்டு டிஸ்க் வரவில்லை என்று புலம்புபவர்கள் அதிகம். இரண்டாவதுக்குப் பிறகுதான் அரே தெரியும்.

'மீடியா டிரைவர் காணவில்லை' என்று செட்டப் சொன்னால் உடனே ரெய்டைச் சந்தேகிக்க வேண்டாம். பென்டிரைவே சரியாக எழுதப்படாதபோதும் இதே செய்தி வரும். வேறு யுஎஸ்பி துளையில் மாற்றிச் செருகிப் பாருங்கள், பிறகு பென்டிரைவைப் புதிதாகத் தயாரியுங்கள்.

விண்டோஸ் எழும்போதெல்லாம் 'ஆப்டேன் பின்னிங்' பற்றி ஒரு பிழைப் பெட்டி வந்தால் அதற்காக பயாஸைத் தொட வேண்டாம். பயன்படாத ஒரு நீட்சி தங்கிவிட்டது, அவ்வளவுதான். ஆப்ஸ் பட்டியலில் 'ஆப்டேன் பின்னிங் எக்ஸ்ப்ளோரர் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை நீக்கினால் போய்விடும்.

அப்டேட்டே போடவில்லை, ஆனாலும் அரே போகிறது

கரண்ட் போய் வரும் ஒவ்வொரு தடவையும் தேதி பல வருஷம் பின்னால் போகிறதா? இணையப் பக்கங்கள் பாதுகாப்பில்லை என்கின்றனவா? போர்டில் காசு அளவில் இருக்கும் சிஆர்2032 செல் தீர்ந்துவிட்டது. செல் தீர்ந்தால் பயாஸ் அமைப்புகளும் போகும் போர்டுகள் உண்டு, ரெய்டு மோடும் அதோடு போய்விடும். புது செல் 3 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டும். மல்டிமீட்டரில் 2.7க்குக் கீழே என்றால் மாற்றுங்கள். ஐந்து வருஷம் ஆன சிஸ்டத்தில் பயாஸைத் தொடுமுன் இதை மாற்றிவிடுவது நல்லது.

ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு டிஸ்க் விழுந்து, ரீஸ்டார்ட் செய்தால் திரும்ப வருகிறது என்றால் டிரைவரை மாற்றி மாற்றிப் போடுவதற்கு முன் ஈவன்ட் வியூவரில் சிஸ்டம் பதிவைத் திறந்து 129 என்ற எண்ணைத் தேடுங்கள். டிஸ்க் பதில் சொல்லாததால் கன்ட்ரோலர் அதை ரீசெட் செய்தது என்பதன் குறிப்பு அது. கூடவே டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ செயலியில் இரண்டு இடத்தைப் பாருங்கள். சி7 என்ற வரி ஏறிக்கொண்டே போனால் சாட்டா கேபிள் அல்லது கனெக்டர். 05, சி5 வரிகள் ஏறினால் டிஸ்க்கே தேய்கிறது, பேக்கப் எடுத்துவிட்டு மாற்றுங்கள். ரெய்டு மோடில் இருக்கும்போது இந்த விவரம் சில சமயம் தெரியாது, அப்போது இன்டெல்லின் சொந்தச் செயலியில் பார்க்க வேண்டும். உவரி, திருச்செந்தூர் பக்கம் கடற்காற்றில் இருக்கும் கடைகளில் கேபிள் முனை கறுத்துப்போவது வழக்கம். புது கேபிள் போட்டு, பழையதைத் துடைத்து வைத்துக்கொள்ளாமல் தூக்கிப் போடுங்கள். 2023 டிசம்பர் 17, 18 மழை வெள்ளத்தில் நனைந்து, காயவைத்து ஓட்டப்படும் சிஸ்டம் என்றால் சாட்டா துளைகளிலும் ரேம் ஸ்லாட்டிலும் பச்சைப் பூப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அந்த போர்டில் பயாஸ் அப்டேட் என்ற பேச்சே வேண்டாம்.

புதிதாக எம்.2 எஸ்எஸ்டி போட்ட அன்றே சாட்டா டிஸ்க் ஒன்று காணாமல் போனால், இரண்டும் ஒரே பாதையைப் பங்குபோடுகின்றன என்று பொருள். பல போர்டுகளில் ஒரு எம்.2 துளையை நிரப்பினால் குறிப்பிட்ட சாட்டா போர்ட் அணைந்துவிடும். எது எதோடு என்று போர்டின் கையேட்டில் அட்டவணை இருக்கும். கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றினால் சரி.

போர்டே எழவில்லை

15 நிமிடம் காத்தும் ஒன்றும் இல்லை என்றால் முதலில் சிமாஸ் அழிப்பு, அதாவது சேமித்திருக்கும் பயாஸ் அமைப்புகளை அழிப்பது. பவர் கேபிளைப் பிடுங்கி, பவர் பொத்தானை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிட்டு, 'சிஎல்ஆர் சிமாஸ்' அல்லது 'ஜேபேட்1' என்று குறித்த இரண்டு பின்களையும் ஸ்க்ரூ டிரைவர் முனையால் பத்து விநாடி தொட்டு நில்லுங்கள். பிறகு ஒரே ஒரு ரேமோடு எழுப்பிப் பாருங்கள். அதற்கும் அசையவில்லை, ஃபிளாஷ் பொத்தான் இருக்கிறது என்றால் மேலே சொன்ன வழியில் மறுபடி எழுதுங்கள். எச்பி லேப்டாப்பில் சார்ஜரை மாட்டி விண்டோஸ் பொத்தானும் பி எழுத்தும் பிடித்தபடி பவர் அழுத்துவதும், டெல்லில் கன்ட்ரோலும் எஸ்கேப்பும் பிடித்தபடி சார்ஜரைச் செருகுவதும் மீட்புத் திரையைக் கொண்டுவரலாம்.

எதுவும் பலிக்காவிட்டால் சிப்பில் நேரடியாக எழுதுவதுதான். சிஎச்341ஏ புரோகிராமரும் (சிப்பில் எழுதும் சின்னக் கருவி) எட்டுக் கால் கிளிப்பும் இருந்தால் வீட்டிலும் செய்யலாம், ஆனால் புதியவர்களுக்கு இதைச் சிபாரிசு செய்ய மாட்டோம். சிப்பில் 3.3 வோல்ட், 1.8 வோல்ட் என்று இரண்டு வகை உண்டு. 1.8க்கு அடாப்டர் இல்லாமல் மாட்டினால் சிப் போய்விடும். மலிவான கறுப்பு நிற புரோகிராமர்களில் டேட்டா கால்களில் 5 வோல்ட் வருவதும் தெரிந்த குறை. கடையில் கொடுத்துச் செய்தாலும் ஒன்றை வற்புறுத்திச் சொல்லுங்கள்: எழுதுமுன் பழைய சிப்பில் இருப்பதை இரண்டு தடவை படித்து, இரண்டும் ஒன்றுபோல இருக்கிறதா என்று ஒப்பிட்டுச் சேமிக்க வேண்டும். போர்டின் சீரியல் எண், நெட்வொர்க் முகவரி, லேப்டாப்பில் விண்டோஸ் லைசென்ஸ் கீ எல்லாம் அதற்குள் இருக்கின்றன. கம்பெனிப் பக்கத்துக் கோப்பை அப்படியே எழுதினால் அவை அழிந்துபோகும். ஆசுஸின் கேப் (சி-ஏ-பி நீட்டிப்பு) கோப்புக்கு முன்னால் இருக்கும் தலைப்பகுதியை வெட்டாமல் எழுதினால் போர்டு எழவும் செய்யாது.

கடைக்குக் கொண்டுபோகும்போது டிஸ்க்குகளைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள். கழற்றுமுன் ஒவ்வொன்றிலும் எந்த போர்ட் என்று மார்க்கரில் எண் எழுதி, கேபிள் மாட்டியபடியே ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். போர்டு எழுந்து ரெய்டு மோடையும் வைத்த பிறகு, சிஸ்டம் அணைந்திருக்கும்போது அதே எண் வரிசையில் மாட்டினால், அரே பெயரோடு திரும்ப வரும்.